ஐம்பத்தொரு சதவீதச் சந்தேகம்

எதிர்வீட்டு க்ரும் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது!

செப்டம்பர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு வெலிச்கோ இப்படி ஒரு சபதம் எடுத்தான். மனசுக்குள்தான் எடுத்தான். வாய்விட்டு எடுத்திருந்தால் பக்கத்தில் நின்ற மனைவி ஸ்நெஜினாவின் காதில் விழுந்திருக்கும். அப்புறம் சபதம் எங்கே, வெலிச்கோ எங்கே?

விஷயம் இதுதான். செப்டம்பர் வந்தால் கர்லோவோ ஊரில் வீட்டுக்கு வீடு சிவப்புக் குடைமிளகாய் சுடுவார்கள். சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு கிளறி, குளிர்காலம் முழுக்க ரொட்டியில் தடவித் தின்ன லூதெனிட்சா என்கிற தொக்கு செய்து பாட்டிலில் அடைப்பார்கள். மிளகாய் சுடுவதற்கென்றே ஒரு மின்னடுப்பு உண்டு. அந்தச் சனிக்கிழமை தெருவில் இருந்த முப்பத்திரண்டு வீட்டு அடுப்புகளும் ஒரே நேரத்தில் சூடேறின. முனையில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் ஒரு முறை இருமியது. தெருவே அணைந்தது. கூடவே ஸ்நெஜினாவின் கம்ப்யூட்டரும்.

அவள் ஊர்ப் படிப்பகத்தில் நூலகர். பழைய புகைப்படங்களை வீட்டில் வைத்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். முந்நூறு படம் போயே போச்சு. வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். வெலிச்கோ ஆறுதல் சொல்ல வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு க்ரும் வேலியைத் தாண்டி வந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. தலையில் முடி வேறு இருந்தது.

"அழாதீங்க ஸ்நெஜினா. ஒரு யு.பி.எஸ். வாங்கிப் போடுங்க. உங்களோடது லினக்ஸ்தானே? கரண்ட் போனா பேட்டரி எவ்வளவு இருக்குன்னு அதுவே பார்த்துக்கிட்டு, தீரப்போற நேரத்துல கம்ப்யூட்டரைப் பக்குவமா அணைக்கிற மென்பொருள் இருக்கு. வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு வகுப்பு கிடையாது. வந்து போட்டுத் தரேன். என்ன வெலிச்கோ அண்ணே?"

வெலிச்கோவுக்கு உள்ளே எரிந்தது. இவன் அண்ணன் என்றால் அவள் என்ன முறை? அண்ணி. அண்ணி என்று கூப்பிட்டால் வாய் வெந்துவிடுமா? அதென்ன ஸ்நெஜினா? அதுவும் இழுத்து?

"நீங்க எதுக்குச் சிரமப்படணும்? நானே போடுவேன்," என்றான்.

"உங்களுக்கு லினக்ஸ் தெரியுமாண்ணே?"

"தெரியாம?"

ஸ்நெஜினா அழுகையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். "நமக்கு டி.வி. ரிமோட்டுக்கே பேட்டரி போட்டது நான்தானேங்க?"

"அது சின்ன பேட்டரி. எனக்குப் பெரிய பேட்டரிதான் சரியா வரும்," என்றான் வெலிச்கோ.

யு.பி.எஸ். வந்தது. கம்ப்யூட்டரையும் இணையப் பெட்டியையும் அதில் சொருகினான். யு.பி.எஸ்ஸிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் போனது. மென்பொருளையும் எப்படியோ இறக்கிவிட்டான். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது சோதனை. ஒரு கோப்பில் யு.பி.எஸ்ஸுக்குப் பெயர் வைக்க வேண்டும். இன்னொன்றில் காவலுக்கு ஆள் பெயரும் கடவுச்சொல்லும் எழுத வேண்டும். மூன்றாவதில் ஒரு கேள்வி: இந்தக் கம்ப்யூட்டர் முதன்மையா, துணையா? தன் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று வெலிச்கோவுக்கு ஆசை. அலுவலகக் கம்ப்யூட்டருக்கு முதன்மை என்று எழுதிப் பார்த்தான். மென்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் இருப்பதுதான் முதன்மை, வெளியே போய் உட்கார்ந்திருப்பது துணை என்றது. இதை எழுதியவன் நிச்சயமாகக் கல்யாணமானவன் என்று வெலிச்கோ நினைத்துக்கொண்டான்.

எல்லாம் எழுதியும் வேலை செய்யவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை திரையில் ஒரே புலம்பல்: யு.பி.எஸ்ஸுடன் தொடர்பு இல்லை. மூன்று நாள் சாயங்காலம் வெலிச்கோ அதனோடு மல்லுக்கு நின்றான். கெஞ்சினான், மிரட்டினான், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். நான்காம் நாள் ஸ்நெஜினா துடைப்பத்தோடு வந்தாள்.

"காலைத் தூக்குங்க."

"முக்கியமான வேலையில இருக்கேன்."

"தூசியும் முக்கியமான வேலையிலதான் இருக்கு. தூக்குங்க."

பெருக்குவதற்காக அந்த ஒயரைப் பிடுங்கினாள், பெருக்கினாள், திரும்பச் சொருகினாள். திரை உயிர் பெற்றது. பேட்டரி நூறு சதவீதம். லோடு பதினெட்டு சதவீதம்.

"பார்த்தியா! போட்டுட்டேன்!" என்று துள்ளினான் வெலிச்கோ.

"ஆமாங்க, நீங்கதான் போட்டீங்க," என்றாள் ஸ்நெஜினா, குப்பையை அள்ளிக்கொண்டே.

க்ரும் வராமலே காரியம் முடிந்தது. இத்தோடு நின்றிருந்தால் வெலிச்கோ மனிதன். ஆனால் அந்த லோடு என்கிற எண் அவனைப் பிடித்துக்கொண்டது. யு.பி.எஸ்ஸிலிருந்து எவ்வளவு மின்சாரம் இழுக்கப்படுகிறது என்று அது சொன்னது. கம்ப்யூட்டர் மட்டும் என்றால் பதினெட்டு. வேறு எதையாவது அதில் சொருகினால் ஏறும்; கரண்ட் போகிற பயத்தில் ஸ்நெஜினா இப்போது எல்லாவற்றையும் அதில்தான் சொருகினாள். அதாவது நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, தான் இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு கணவன் தெரிந்துகொள்ளலாம்! வெலிச்கோ வீட்டுச் சாமான்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடியில் எழுதியிருந்த வாட் கணக்கையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டான். ரேடியோப் பெட்டி அறுபது. தையல் மெஷின் தொண்ணூறு. மிக்ஸி இருநூறு. கடைசி வரியில் க்ரும் என்று எழுதி, எதிரே கேள்விக்குறி போட்டான். சீட்டை மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு லோடு இருபத்தெட்டுக்கு ஏறியது.

அறுநூறு வாட் யு.பி.எஸ்ஸில் பத்து சதவீதம் ஏறினால் அறுபது வாட். ரேடியோ! மத்தியான வேளையில் ரேடியோ எதற்கு? ஆடுவதற்கு. தனியாக யாராவது ஆடுவார்களா? இன்று வியாழன். க்ருமுக்கு வகுப்பு கிடையாது. வெலிச்கோ மேலதிகாரியிடம் ஓடினான். "ஐயா, எங்க வீட்டுல குழாய் உடைஞ்சிருச்சு!" என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு நிமிஷ நடையை ஆறு நிமிஷத்தில் முடித்தான்.

வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஸ்நெஜினா கொல்லையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நாற்பது கிலோ குடைமிளகாய். சுட்டுச் சுட்டுப் போட்டதில் முகமெல்லாம் கரி, விரல் நுனியெல்லாம் கொப்புளம். க்ரும் இல்லை. கதவுக்குப் பின்னாலும் இல்லை, அலமாரியிலும் இல்லை.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"சும்மாதான். உன்னைப் பார்க்கணும்போல இருந்துச்சு."

"அலமாரிக்குள்ளயா பார்க்கணும்போல இருந்துச்சு?"

வெலிச்கோ அசடு வழிந்தான்.

"சரி, வந்தது வந்தீங்க. உட்காருங்க. உரிங்க."

வாசகர்கள் இங்கே ஒரு உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் வெலிச்கோ ஒரு மிளகாய்கூட உரித்ததில்லை. செப்டம்பர் பிறந்தால் போதும், ஊரில் எங்காவது குழாய் உடைந்துவிடும். அவன் அலுவலகத்திலேயே கிடப்பான். கடைசிப் பாட்டிலுக்கு மூடி போட்ட அன்றைக்குத்தான் குழாய்கள் சரியாகும். இன்றைக்கு மாட்டிக்கொண்டான். இருட்டும்வரை உரித்தான்.

மறுநாள் ஸ்நெஜினா அவனுடைய கால்சட்டையைத் துவைக்கப் போட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் என்ன வேகமோ தெரியவில்லை. திங்கட்கிழமை லோடு முப்பத்து மூன்று. தையல் மெஷின்! யாருக்குச் சட்டை தைக்கிறாள்? ஓடினான். அங்கே இன்னொரு முப்பது கிலோ மிளகாய். புதன்கிழமை ஐம்பத்தொன்று. மிக்ஸி! கிரீம் அடிக்கிறாள்! யாருக்குக் கேக்? வெலிச்கோ தன் பிறந்தநாளுக்குக்கூட கிரீம் பார்த்ததில்லை. எழுந்து ஓடினான். அங்கே தக்காளி, நான்கு கூடை. வியாழன் மறுபடி ஐம்பத்தொன்று. அண்டாவில் கொதிக்கும் தொக்கு, கிளறுவதற்குத் துடுப்புக் கட்டை. ஒவ்வொரு முறையும் அலமாரியைத் திறந்து பார்த்தான். ஒவ்வொரு முறையும் ஸ்நெஜினா, "வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு," என்றாள்.

ஆறாவது முறை குழாய் உடைந்தபோது மேலதிகாரிக்கு மனம் கேட்கவில்லை. வெலிச்கோவுக்குப் பின்னாலேயே ஸ்பேனரோடு இரண்டு பிளம்பர்களை அனுப்பிவைத்தார். ஸ்நெஜினா அவர்களுக்கும் முக்காலி போட்டுக் கொடுத்தாள். நல்ல பிள்ளைகள், வேகமாக உரித்தார்கள்.

மாதக் கடைசியில் எண்பத்தாறு பாட்டில்கள் அடுக்களைச் சுவரோரம் வரிசையாக நின்றன. வெலிச்கோவின் விரல்கள் பத்தும் பத்து மிளகாயாகச் சிவந்திருந்தன. அன்று விடுமுறை. ஸ்நெஜினா கொல்லையில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். வெலிச்கோ கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்து எண்ணைப் பார்த்தபடி இருந்தான். மணி மூன்று அடித்தது. லோடு ஐம்பத்தொன்று.

மிக்ஸி அலமாரித் தட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. யு.பி.எஸ்ஸின் பின்னாலிருந்து ஒரு ஒயர் மட்டும் மேஜைக்கு அடியில் போனது. குனிந்து பார்த்தான். ஒரு பழைய விளக்கு. அதில் நூறு வாட் குண்டு பல்புகள் இரண்டு. நடுவில் ஒரு டைமர். மூன்று மணிக்குத் தானாக எரியும்படி முடுக்கியிருந்தது.

விளக்கைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். "இது என்ன?"

"உங்களைக் கூப்பிடுற மணி," என்றாள் ஸ்நெஜினா, தேய்ப்பதை நிறுத்தாமல்.

"என்னை ஏமாத்தினியா?"

"நான் பல்பை மாத்தி மாத்தி மேஜைக்கடியில விளக்குப் போட்டேன். ஏமாந்தது நீங்க." ஈரக் கையைச் சமையல் மேலங்கியில் துடைத்து, அதன் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். தண்ணீரில் நனைந்து காய்ந்த சீட்டு. "மிக்ஸி இருநூறு. தையல் மெஷின் தொண்ணூறு. க்ரும், கேள்விக்குறி. ஏங்க, உங்களுக்கு வெட்கமா இல்ல?"

வெலிச்கோ விளக்கைப் பார்த்தான்.

"பதினோரு வருஷமா செப்டம்பர்ல எனக்குப் புருஷன் கிடையாது. கை வெந்து போய்க் கிடக்கேன், கொஞ்சம் வாங்கன்னு போன் பண்ணினா, குழாய் உடைஞ்சிருச்சும்பீங்க. நான் கூப்பிட்டு ஒரு தடவை வந்திருக்கீங்களா? க்ரும் வந்துட்டானோன்னு நினைச்சதும் ஆறு நிமிஷத்துல வந்து நிக்கிறீங்க. அதான், எது உங்களைக் கூட்டிட்டு வருதோ அதையே போட்டேன்." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டாள். "அந்த க்ரும் வியாழக்கிழமை மத்தியானம் எங்க போறான் தெரியுமா? அவங்க அம்மாவுக்கு மிளகாய் உரிக்க. யாரும் விளக்குப் போடாமலே போறான்."

வெலிச்கோவுக்கு க்ரும் மேல் முன்பு இருந்ததெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உண்மையான பொறாமை இப்போதுதான் வந்தது. அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்துத் தேய்த்தான். பெரிதாக மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா? மறுநாள் அந்த விளக்கு, டைமர், குண்டு பல்பு இரண்டையும் பையில் போட்டு எடுத்துப் போய் அலுவலக மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டான். இனி ஒருத்தி தன்னை விளக்கைக் காட்டி ஓடவைக்க முடியாது.

அக்டோபர் அமைதியாகக் கழிந்தது. பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. வெலிச்கோவின் எடைகூட ஏறியது.

நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை. மணி மூன்று. லோடு ஐம்பத்தொன்று.

வெலிச்கோ சிரித்தான். போடி, உன் விளக்கு யாரிடம் இருக்கிறது? சாவியைத் தடவிப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. விளக்கு இங்கே இருக்கிறது. அப்படியென்றால் அங்கே எரிவது என்ன? இழுப்பறையைத் திறந்தான். விளக்கு இருந்தது, டைமர் இருந்தது, பல்பு இரண்டும் இருந்தன. அப்படியென்றால் இது நிஜ மிக்ஸி. நிஜ கிரீம். மிளகாய்க் காலம் முடிந்து ஒரு மாதமாகிறது. க்ருமின் அம்மாவிடம் உரிக்க இனி என்ன இருக்கிறது? வியாழக்கிழமை மத்தியானத்தை அவன் வேறு எங்கே கழிப்பான்?

போகக் கூடாது என்று இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். முழுதாக நான்கு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு தொப்பியை எடுத்தான்.

மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது மேஜை மேல் ஒரு வெறும் பாத்திரம். அதில் கிரீம் அடிக்கிற மிக்ஸி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கொல்லையில் ஒரு மரப் பீப்பாய், பக்கத்தில் ஒரு மூட்டை உப்பு, அப்புறம் குளிர்காலத்துக்கு ஊறப்போட வேண்டிய நாற்பது முட்டைக்கோஸ். ஸ்நெஜினா மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"விளக்கை எடுத்துட்டுப் போனீங்க, மிக்ஸியை மறந்துட்டீங்களே," என்று கத்தியை அவன் கையில் கொடுத்தாள். "இன்னைக்கு நாலு நிமிஷம் லேட்டுங்க."