நாளைக்குப் படகேற ஏலாது

சேசு மரி சூசை துணை

நெடுந்தீவு,
14.08.2003

அன்புள்ள யாகப்பு அத்தானுக்கு கிறிஸ்தோப்பர் எழுதிக்கொள்வது. உங்களுக்கும் அக்காவுக்கும் ஆண்டவர் குறைவில்லாத சுகம் தரட்டும். நானும் நலம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அந்தச் சொல்லை முடிக்குமுன் ஒருமுறை பின்வளவுக்கு ஓடிப்போய் வந்துவிட்டேன்.

விசயம் இதுதான். நாளைக்கு அல்லைப்பிட்டிக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டில் என் மகள் ஜெனீற்றாவின் கலியாணத்துக்குச் சம்மதம் சொல்ல என்னால் ஏலாது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நாள் குறித்துச் சொல்ல வந்து, உங்கள் கையால் காய்ச்சிய நண்டுக்கூழ்தான் காரணம். உங்களைக் குறைசொல்லவில்லை, நண்டைச் சொல்கிறேன். திங்கள் விடியத் தொடங்கிய வலி, தொப்புளைச் சுற்றிப் பிடித்து முறுக்கும், ஓடுவேன், விடும், திரும்பிவந்து கதிரையில் குந்த மற்றது வரும். என் மனுசி சூசையம்மா மாதுளங்கோது அவித்துத் தந்தா, மல்லி வறுத்துத் தந்தா, வெறும் தேத்தண்ணிக்குள்ளே தேசிக்காய் பிழிந்தும் தந்தா, ஒன்றும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி நேர்ஸ் இராசேஸ்வரி, "அண்ணை, உடம்பிலை தண்ணி வத்துறதுதான் பயம். கொதிச்சாறின தண்ணி ஒரு லீற்றருக்கு மட்டமாய் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, அடிக்கடி குடியுங்கோ" எண்டு சொன்னவ. அதையும் மூண்டு நாளாய்க் குடிக்கிறன் அத்தான், கூடுதே தவிரக் குறையேல்லை. பொறுங்கோ, வாறன்.

வந்திட்டன். ஒரு மணித்தியாலம் படகு, சுத்திவரச் சனம், ஒதுங்க இடமில்லை, அதுக்குப் பிறகு பஸ். முதல்தரம் கடல் அடிக்குதெண்டு வரேல்லை, ரெண்டாந்தரம் காய்ச்சல், இதுவும் தவறினால் தேப்பனுக்கு விருப்பமில்லையெண்டு மாப்பிள்ளையின்ரை தாய் முடிவெடுத்திடுவா. பிள்ளை என்ரை வெள்ளைச் சேட்டை மூண்டாந்தரம் அயன் பண்ணுறாள். அதைப் பார்க்கத்தான் வயித்தைவிட வலிக்குது. நீங்கள்தான் போய் ஒரு கிழமை தவணை கேக்கவேணும்.

தேவமாதா உங்கள் எல்லாரையும், எல்லாற்றை வயிறுகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
மச்சான் கிறிஸ்தோப்பர்

பி.கு.: காலமை இதை மடிச்சு வைச்சாப்பிறகு நேர்ஸ் வந்தவ. என்ரை போத்தலிலை ஒரு மிடறு குடிச்சவ, உடனை துப்பிப்போட்டா. எங்கடை கிணறு சவர், உப்புக் கரிக்கிற தண்ணி, அந்தத் தண்ணிக்குள்ளைதான் சூசையம்மா அரைக்கரண்டி உப்பும் போட்டிருக்கிறா. பிறந்தநாள் தொட்டு அதையே குடிச்ச எங்கடை நாக்குக்குத் தெரியேல்லை. "உப்புக் கூடினாலும் வயிறு போகும். பனையோலைப் பிழாவிலை மூண்டுதரம் வாங்கிக் கூழ் குடிச்சவர் நண்டைக் குறைசொல்லவேண்டாம்" எண்டா. நல்லதண்ணிக் கிணத்துத் தண்ணியிலை கலந்து தந்தவ. மத்தியானத்திலையிருந்து கதிரையை விட்டு எழும்பேல்லை. கடிதம் கொண்டுபோகவும் ஆள் கிடைக்கேல்லை. ஆகையால் இதை உங்கடை கையிலை தந்துபோட்டு நிக்கிறவர் நான்தான். படகும் பஸ்ஸும் குலுக்கின வயித்தை நம்பேலாது, வாசிச்சுக்கொண்டு நிக்காமல் பின்கதவைத் திறவுங்கோ.