வாசல் பக்கத்துச் சந்தோஷ மணி

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை என்பதால், நலம்.

நீங்கள் யார் யார் காலையோ பிடித்து வாங்கிக் கொடுத்த வேலையில் இன்னும் இருக்கிறேன். முந்தைய வேலைகளைப் போல இதையும் உதறிவிட்டு உங்கள் மாடியறையில் வந்து படுத்துவிட மாட்டேன் என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்ததை மறக்கவில்லை.

எங்கள் பிரிவின் வேலை, மின்விசிறி வாங்கியவர்கள் அது சுற்றாத கோபத்தில் திட்டுவதைப் போனில் கேட்டுக்கொண்டிருப்பது. எல்லோர் முகமும் செத்துக் கிடக்கவே, ஊழியர்களை உற்சாகப்படுத்தும் பொறுப்பை மேலாளர் என் தலையில் கட்டினார். "உன் மூஞ்சிதான் இருக்கறதுலயே மோசம். நீயே சிரிச்சிட்டா மத்தவங்க தானா சிரிப்பாங்க" என்றார். நானும் மண்டையைக் குடைந்து, வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு பித்தளை மணியை மாட்டினேன். சந்தோஷமாக இருப்பவர் அடிக்கலாம், மற்றவர்கள் கை தட்ட வேண்டும். நாள்கணக்கில் அதில் தூசிதான் படிந்தது. பிறகு ஒரு நாள் எதிர் மேசை அம்மா ராஜினாமாவை மேலாளரிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் நீட்டிவிட்டு நேரே போய் மணியை அடித்தார் பாருங்கள், ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அடுத்து கணக்கர் அடிச்சாரு, அப்புறம் மெக்கானிக்கு, ஒவ்வொருத்தரா அடிச்சிட்டுப் போய்க்கிட்டே இருக்காங்க அத்தான். ராஜினாமாவை மேல அனுப்பினா மேலாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுடறாரு. மாடியில அவருக்கு மணிச் சத்தம் மட்டும்தான் கேக்குது. "பிரமாதம்யா, இன்னொரு மணி வாங்கு"ங்கறாரு. போனவங்க போனெல்லாம் இப்ப என் மேசையில. ஒருத்தர் திட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்தது அலறுது. காலி நாற்காலிங்களப் பாத்துக்கிட்டே சாப்பிடறேன். தூக்கத்துலகூட "மன்னிச்சிடுங்க சார்"னு சொல்றேனாம், பக்கத்து அறைக்காரர் சொன்னாரு. அழுகையா வருது அத்தான்.

ஆனாலும் கவலைப்படாதீர்கள். உங்கள் பெயரைக் கெடுக்க மாட்டேன். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். வாசலுக்குப் போகிற வழியில்தான் மணி இருக்கிறது. கை சும்மா இருக்கவில்லை. கீழே கை தட்ட ஆளில்லை, மாடியிலிருந்து மேலாளர் மட்டும் வெகுநேரம் தட்டினார். என் ராஜினாமாவையும் எழுதி அவரிடம் கொடுத்தேன், வழக்கம் போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மாடியறையைக் கொஞ்சம் பெருக்கி வைக்கச் சொல்லுங்கள்.