எட்டா, பதினாறா?

உலகத்தில் முடிவெடுக்கிறவர்கள் உண்டு, எடுக்காதவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது, வாசகரே: முடிவெடுக்கப் போகிறவர்கள். ஆம்ப்ரோஸ் அந்த இனத்தின் மூத்த உறுப்பினர்.

எண்பதுகளின் தொடக்கம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு எல்லாம் அனுப்பும் தஞ்சோங் பகார் வட்டாரத்துக் கம்பெனி ஒன்றில் அவர் மேனேஜர். ஆட்கள் நாலு பேர். தொலைபேசி ஒன்று, அது வாசலருகே பிரிஜட்டின் மேசையில். ஆம்ப்ரோஸ் இருப்பதோ சரக்கறையைத் தாண்டிப் பின்னறையில். "சார்! கப்பல்காரங்க லைன்ல!" என்று பிரிஜட் கத்த, அவர் மூட்டைகளுக்கு நடுவே புகுந்து வந்து சேர்வதற்குள் கப்பல்காரர்களின் பொறுமை போய்விடும். சில சமயம் கப்பலே போய்விடும். பிரிஜட் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவள். தொண்டை கட்டிப்போய், அந்த ஈஸ்டருக்கு வாயை மட்டும் அசைத்தாள்.

"இன்டர்காம் போட்டுடுவோம்மா" என்றார் ஆம்ப்ரோஸ். பிரிஜட் மகிழ்ந்துபோனாள். அவளுக்கு இந்த இனத்தைப் பற்றித் தெரியாது.

இன்டர்காம் விற்கும் ஒலி முகம்மது வந்தார்.

"மேசைக்கு மேசை பிளக் வேணாம் சார். ஒரே ஒயர்ல பேச்சும் போகும், கரண்டும் போகும். நாலு போன் போதும்."

"நாளைக்குக் கம்பெனி வளர்ந்துட்டா?"

"அப்ப எட்டு எடுத்துக்குங்க."

"அதுக்கும் மேல வளர்ந்துட்டா பாய்?"

"பதினாறு இருக்கு."

"பதினாறும் ஒண்ணா அடிச்சா கரண்டு தாங்குமா?"

"நாலு பேருதானே சார் இருக்கீங்க?"

"இப்போதைக்குத்தான் நாலு பேருலா!"

பிறகு ஆம்ப்ரோஸ் விசாரிக்கத் தொடங்கினார். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மச்சானிடம் கேட்டார், கேலாங்கில் ரேடியோ ரிப்பேர் செய்பவரிடம் கேட்டார், பூசை முடிந்து வெளியே வந்த பங்குச் சாமியாரையும் நிறுத்திக் கேட்டார். எட்டுதான் என்று இரவில் தீர்மானித்து, பதினாறுதான் என்று காலையில் எழுந்தார். அதற்குள் ஒலி முகம்மதுவுக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, ஜரீனா என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பெயர் வைக்க அவருக்கு ஒரு பகல் போதுமானதாக இருந்தது.

ஒரு நாள், மாதாமாதம் சரக்கெடுக்கும் பெரிய கப்பலின் கேப்டன் அழைத்தார். பிரிஜட் வாயைத் திறந்தாள்; குரல் வரவில்லை. ஓடிவந்து ஆம்ப்ரோஸின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒரு நிமிஷம்மா, கரண்டு கணக்கு பாத்துக்கிட்டு இருக்கேன்."

கேப்டன் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த மாதக் கடைசியில் பிரிஜட்டும் வேலையை விட்டாள்.

ஆம்ப்ரோஸுக்கு உண்மையிலேயே மனது உடைந்தது. அவளுடைய காலி மேசையில் உட்கார்ந்து, உறுதியோடு ஒலி முகம்மதுவின் ஆபீஸுக்கு போன் போட்டார். மெல்லிய, இனிமையான குரல் ஒன்று எடுத்தது.

"பிரிஜட்டாம்மா பேசுறது?"

"ஆமா சார். இங்க சேர்ந்துட்டேன். கத்தவே வேணாம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முடிவு பண்ணிட்டேன்மா. எட்டு. நாளைக்கே வந்து மாட்டச் சொல்லு."

நம்ப முடியாத சந்தோஷத்தில், அவள் வாய்தவறிக் கேட்டுவிட்டாள்:

"கறுப்பா சார், வெள்ளையா?"

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், உங்கள் வீட்டுக் குளியலறையில் குழாய் சொட்டுகிறதே, நல்லதாக ஒன்று பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்களே, பார்த்தாகிவிட்டதா?