கண்ணாடிப் பெட்டிப் பல்லி சொன்ன சொல்

அன்புள்ள தம்பி மகேஸ்வரனுக்கு, வோபர்னில் இருந்து அக்கா எழுதுவது. நான் சுகம். உன் சீனி வருத்தமும் தவமணியின் முழங்கால் நோவும் குறையட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் இருந்தவர்கள்: நான், நீ, உன் மனைவி தவமணி, என் பேத்தி கௌசி, பெட்டிக்குள் அவள் வளர்க்கும் பல்லி. வேறு ஒரு குஞ்சும் இல்லை. பிறகு நீ ஆட்களைக் கூட்டிக் குறைத்துக் கதைப்பாய் என்பதால் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

நேற்றுப் போனில், "அக்கா, உந்தப் பல்லியை ஆருக்கும் குடுத்துப்போட்டு ஸ்ரௌவ்விலுக்கு, எங்கடை வீட்டுக்கு வாங்கோ" என்றாய். எப்படிக் கொடுப்பது? கௌசி யூனிவர்சிற்றிக்குப் போனால் அதற்கு நான்தான் தாய். வயிற்றுக்குக் கீழே சூடு வேண்டும், இல்லாவிட்டால் தின்றது செமிக்காது. புழுவை வெள்ளைக் கல்சியத் தூளில் பிரட்டி, விபூதி பூசினமாதிரி, இடுக்கியால் நீட்ட வேண்டும். அந்தப் புழு டப்பாவைத்தான் ஞாயிற்றுக்கிழமை தவமணி பிரிட்ஜுக்குள் சம்பல் என்று நினைத்துத் திறந்து, "ஐயோ மச்சாள், உங்கடை சாப்பாடு நெளியுது!" என்று கத்தினாள். உடனே நீ, "பாத்தியளே, உங்களுக்கு இனி ஒண்டும் ஏலாது, எங்கடை பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு, வந்து எங்களுக்கும் ஒரு கறியை வையுங்கோ" என்று தொடங்கினாய். பேஸ்மென்ற் நல்லதுதான். ஆனால் அங்கே உப்பு வாங்கவும் ஓராள் கார் எடுக்க வேண்டும். இங்கே நான் நடந்துபோய், முருங்கைக்காய் முத்தல் என்று கடைக்காரனோடு சண்டை பிடித்துவிட்டு, நடந்தே வருவேன்.

"வாற சனி சாமான் ஏத்த வானோடை வாறன், எல்லாத்தையும் கட்டுங்கோ" என்று நீ சொல்லி வாய் மூடவில்லை, பெட்டிப் பக்கமிருந்து "ட்சுக், ட்சுக், ட்சுக்" என்று சொன்னது. உன் முகம் செத்துப்போனது. மேசையில் மூன்று தரம் தட்டி, "தெற்குப் பக்கம் சொல்லுது அக்கா, நீங்கள் இப்ப இந்த வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது" என்று சொன்னவன் நீயேதான். தேத்தண்ணியும் குடிக்காமல் போனாய். கௌசி ஏனோ என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்படிப்பட்ட சொல்லை நாலு நாளில் மறக்கலாமோ? அறுபத்தாறாம் ஆண்டு தை மாதம், ஒரு திங்கட்கிழமை, நான் ஆறாம் வகுப்புக்கு வெளிக்கிட்டு நிற்க, கதவுக்குப் பின்னால் பல்லி சொன்னது. "ஐயா, பல்லி சொல்லுது, அக்காவை விடாதேங்கோ!" என்று கத்தினவன் ஏழு வயது மகேஸ்வரன். செவ்வாயும் சொன்னது. புதனும் சொன்னது. ஐயா விடவில்லை. என் படிப்பு ஐந்தோடு நின்றது, நான் வீட்டில் இருந்து உனக்குச் சோறு தீத்தினேன். அன்றைக்குப் பல்லி சொன்னதை நான் கேட்டேன். இன்றைக்கு நீ கேள். நான் வரமாட்டேன்.

உன் பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல் நல்லாய் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: இந்தச் சாதிப் பல்லி லேசில் வாய் திறக்காதாம், கௌசி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது ஆர் என்று நீ பார்க்கவில்லை. நாக்கால் சொன்னது நான்தான். வித்தை உன்னுடையது. அறுபத்தாறில், பல்லி சொன்ன அந்தக் கதவுக்குக் கீழே உன் சின்னக் கால் தெரிந்தது. புதன்கிழமை நடுவில் நீ விக்கினாய். பல்லிக்கு விக்கல் வராது. ஐயா உன்னை அடித்துப்போடுவார் என்று நான் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை வா, வான் வேண்டாம், புட்டு அவித்து வைக்கிறேன். ஐயாவை மன்னித்துவிட்டேன். சம்பல் தேடின தவமணியையும் மன்னித்துவிட்டேன். மன்னிக்காத ஆள் ஒன்றே ஒன்றுதான்: ஐயா கதிரவேலுவின் கடைசி மகன் மகேஸ்வரன்.