டெல்ஃபின் வேலைக்கு வராத நாற்பத்திரண்டு வாரங்கள்

எனக்குப் பயம் அதிகம். லிஃப்ட் என்றால் பயம். தபால்காரர் என்றால் பயம். முத்திரை குத்திய அரசாங்க உறையைக் கண்டால் பிரிப்பதற்கு முன்பே வியர்க்கும். எங்கள் ஊர் இலோயிலோவில் கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டு வருடம் படித்ததில் கையெழுத்து அழகானது. தைரியம் பாடத்திட்டத்தில் இல்லை.

என் கணவர் டெல்ஃபினுக்குப் பயமே கிடையாது. பயப்பட வேண்டியதையெல்லாம் என்னிடம் கொடுத்துவிடுவார்.

அப்படித்தான் அந்த ஏடும் என்னிடம் வந்தது.

நாங்கள் குடிவந்த ஃபுல்டா நகரத்தில் வீகாண்ட் அம்மாளின் பேக்கரியில் அவர் தொழில் பழகச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மூன்று வருடப் படிப்பு. சில நாள் கடை, சில நாள் பள்ளி. கூடவே ஓர் ஏடு. இந்த வாரம் என்ன கற்றேன் என்று பழகுபவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் கீழே மாஸ்டர், அதாவது வீகாண்ட் அம்மாள், போடுவார். ஏடு நிறையாவிட்டால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் எங்கள் இரண்டு வயது மகள் தாலாவைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏற வேண்டும். எனக்கு விமானம் என்றாலும் பயம்.

உண்மையைச் சொன்னால், அந்தத் தொழிலைப் பழக எனக்கும் ஆசை. காலையில் தாலா குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்விடுகிறாள், எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா என்று டெல்ஃபினிடம் கேட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு மாணவன் போதும் என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் சிரித்தார்.

"வேணும்னா மாஸ்டர்கிட்ட நீயே போய்க் கேளேன் ரெமி. நானா வேண்டாங்கறேன்?"

நான் போகமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். கதவு மணியை அழுத்தக்கூட இரண்டு முறை யோசிப்பவள் நான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்தவர், மேசைமேல் ஏட்டை வைத்துக் குழைந்தார்.

"உன் எழுத்து முத்து முத்தா இருக்கும். என் எழுத்தைப் படிச்சா மாஸ்டருக்குக் கண்ணு போயிடும். பாவம், வயசானவங்க."

"நான் பொய் எழுத மாட்டேங்க."

"பொய் எதுக்கு? நான் சொல்லச் சொல்ல எழுது."

"சொல்லுங்க. இந்த வாரம் என்ன கத்துக்கிட்டீங்க?"

"மாவு."

"மாவுல என்ன?"

பதில் குறட்டையாக வந்தது.

ஒரு வாரத்துக்கு ஒரு சொல்தான் கிடைத்தது. அதை வைத்து ஒரு பக்கத்தை எப்படி நிரப்புவது? அவருடைய பாடப்புத்தகத்தை எடுத்தேன். புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. முதல் பாடம், புளித்த மாவு. நானே கலந்தேன், மூடி வைத்தேன், சுட்டேன். ரொட்டி செங்கல்லாக வந்தது. ஏன் செங்கல்லானது என்று எழுதினேன். மறுநாள் வேறுமாதிரி சுட்டு, அதையும் எழுதினேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

கடைசியில் ஒரு கோடு. பழகுபவர் கையெழுத்து. அவர் பெயரை நான் போட்டால் அது கள்ளக் கையெழுத்து. பள்ளிக்கூடத்து சிஸ்டர் தியோடோரா கடல்மேல் நடந்தே வந்து என் காதைத் திருகுவார். பழகியது யார்? நான். என் பெயரையே போட்டேன்: ரெ. சலோங்கா.

குடும்பப் பெயர் ஒன்றுதானே. டெல்ஃபின் கவனிக்கவில்லை. அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவே நின்றபடி வாராவாரம் கையெழுத்துப் போட்ட வீகாண்ட் அம்மாளும் கவனிக்கவில்லை.

முதல் வாரம் பயத்தில் போட்டேன். பத்தாவது வாரமும் பயத்தில்தான் போட்டேன் என்று சொன்னால், அதுதான் பொய்.

நாற்பத்திரண்டு வாரம் ஓடியது. முதல் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் சமயம் வந்தது. ஏட்டை அனுப்புவதற்கு முன் வீகாண்ட் அம்மாள் முதல்முறையாக உட்கார்ந்து படித்திருக்கிறார். நாளைக்கு மனைவியையும் கூட்டி வாங்க என்று சொல்லியனுப்பினார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. டெல்ஃபின் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

"நீ வாயே திறக்காத. நான் பாத்துக்கறேன்" என்றார் வழியெல்லாம்.

பேக்கரியின் பின்னறையில் ஏடு திறந்து கிடந்தது. வீகாண்ட் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"பத்தொன்பதாவது வாரம். 'கிரீம் தீர்ந்துவிட்டதால் தேங்காய்ப்பால் ஊற்றினேன். கேக் நடுவில் அமுங்கியது.' டெல்ஃபின், என் கடைக்குத் தேங்காய்ப்பால் எப்ப வந்துச்சு?"

"அது ஒரு சோதனை முயற்சி, மாஸ்டர்."

"'மூன்றாவது முறை நன்றாக வந்தது. தாலா முட்டையைக் கீழே போட்டாள்.' யாரு இந்தத் தாலா? நான் சம்பளம் குடுக்கறேனா?"

"என் பொண்ணு, மாஸ்டர்."

"ஓகோ. கையெழுத்தெல்லாம் உங்களோடதுதானே?"

"நாற்பத்திரண்டும் என்னோடதுதான்" என்றார் என் வீரர்.

வீகாண்ட் அம்மாள் ஏட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். அவர் பார்த்தார். அடுத்த பக்கம் பார்த்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தார். ஒரு வருடத்தில் அவர் அந்த ஏட்டைப் படித்தது அன்றைக்குத்தான்.

"காகிதத்தை நம்பினா, நீங்க ஒரு வருஷமா வேலைக்கே வரல டெல்ஃபின். உங்க மனைவிதான் வந்திருக்காங்க. நானும் அதுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்." பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா உங்க பேரைப் போட்டீங்க?"

வாயே திறக்காதே என்பது உத்தரவு. திறந்துவிட்டேன்.

"செஞ்சது நான்தாம்மா. நேர்ல வந்து கேக்கப் பயமா இருந்துச்சு."

"எதைக் கேக்க?"

"இங்க ஒரு இடம்."

வீகாண்ட் அம்மாள் சுவர் நாட்காட்டியில் எதையோ எண்ணினார். அப்புறம் தீர்ப்பு. டெல்ஃபின் நாற்பத்திரண்டு வாரத்தையும் தன் கையால், தன் நினைவிலிருந்து, மாதக் கடைசிக்குள் எழுதித் தர வேண்டும். எழுதினால் பரீட்சை. நான் திங்கட்கிழமை முதல் ஒரு வாரம் காலை வேளையில் வந்து வேலை செய்து காட்ட வேண்டும். தேறினால் ஆகஸ்டிலிருந்து எனக்கும் ஒப்பந்தம். குழந்தை இருப்பதால் பாதி நேரம்.

டெல்ஃபினின் முகம் ஒரு நிமிடம்தான் வாடியது. அதற்குள் அவருக்கு ஒரு பதவி கிடைத்துவிட்டது.

"இவளைப் பழக்கற பொறுப்பை என்கிட்ட விடுங்க, மாஸ்டர். ரொம்பக் கண்டிப்பா நடத்துவேன்."

திங்கட்கிழமை என் பக்கத்தில் கைகட்டி நின்று, உப்பை எப்போது போட வேண்டும் என்று விளக்கினார். செவ்வாய்க்கிழமை அந்த உப்பை ஏன் அப்போது போட வேண்டும் என்று கேட்டேன். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். புதன்கிழமை அவருடைய மாவு சூட்டில் இளகி ஓடியது. அடுத்த கலவைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றச் சொன்னேன், யாருக்கும் கேட்காமல். வியாழக்கிழமை அவரே என் காதருகே வந்து, "ரொட்டிப் பின்னலை எந்தப் பக்கம் ஆரம்பிக்கறது?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை வீகாண்ட் அம்மாள் ஒப்பந்தத்தை என் முன்னால் வைத்தார். முத்திரை குத்திய காகிதம்தான். வியர்க்கவே இல்லை. பேனாவை எடுத்து என் பெயரைப் போட்டேன்.

டெல்ஃபின் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தீங்களா மாஸ்டர், ஒரே வாரம்தான். எவ்வளவு முன்னேற்றம்."

"ஆமா டெல்ஃபின், நானும் கவனிச்சேன்" என்றார் வீகாண்ட் அம்மாள். "அவங்களோட நின்னதுல உங்க வேலை எவ்வளவோ தேறியிருக்கு."