தலைவர் முதுகில் ஏப்ரல் மாதம்

எங்கள் குடியிருப்பின் புகார்ப் பதிவேட்டில், நாற்பத்தோராம் பக்கத்தில், சங்கத் தலைவரின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: "ஏப்ரல் 11, காலை 7.40. தண்ணீர் லாரி ஓட்டுநர் வேலை நேரத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறார். நேரில் கண்டித்தேன். அரை மணி நேரம்."

கடைசி மூன்று சொற்களைத் தலைவர் பெருமையோடுதான் எழுதியிருக்கிறார். அவை ஒரு மனிதரின் பிழைப்பைக் காப்பாற்றப் போகின்றன என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தாம்பரத்திலிருந்து நாவலூர் வரைக்கும், குளிரைக் கண்ணால்கூடப் பார்த்திராத இத்தனை பேருக்குத் தன் கையால் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்த மனிதர் ஸ்வெட்டர் அண்ணன் ஒருவர்தான். இன்னொருவர் இருந்தால் தெரிவியுங்கள், தேதியுடன் குறித்துக்கொள்கிறேன்.

மேடவாக்கத்தில் முப்பத்தாறு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்புக்கு ஞாயிறு தவிர தினம் ஒரு லோடு தண்ணீர் கொண்டு வந்தவர் அவர். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. ரசீதில் அவர் போடும் கையெழுத்து ஒரு ஊசியும் இரண்டு சுழியும் போல இருக்கும். கேட்டைத் தாண்டி லாரியைப் பின்னுக்கு எடுத்து, ஹோஸை நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் இறக்கி, வால்வைத் திறந்துவிட்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். தொப்பைக்கு மேலே சட்டைப் பையில் உல்லன் உருண்டை. கையில் இரண்டு நீள ஊசி. லோடு இறங்கி முடிய இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடமும் அவர் உலகத்தில் இல்லை.

யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். என்னிடம் "ஊட்டி லோடு அடிக்கசொல்ல கத்துகினேன் சார்" என்றார். வாட்ச்மேன் மணியிடம் ஆஸ்பத்திரியில் கால் முறிந்து கிடந்தபோது என்றார். என் மனைவியிடம், "தானா வந்துச்சு அக்கா, ஜுரம் மாரி" என்றார். மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அவருக்கென்று சில சட்டங்கள் இருந்தன. ஒரு கட்டடத்துக்கு ஒரு ஸ்வெட்டர். எங்கள் குடியிருப்பில் லோடு இறங்கும்போது எங்கள் ஸ்வெட்டர் மட்டும். கோவிலம்பாக்கத்தில் இறங்கும்போது கோவிலம்பாக்கத்து ஸ்வெட்டர் மட்டும். லாரியின் சீட்டுக்குப் பின்னால் கட்டடத்தின் பெயர் எழுதிய பிளாஸ்டிக் கவர்கள் வரிசையாகத் தொங்கும்.

"எல்லாத்தையும் ஒரே ஸ்வெட்டரா பின்னினா சீக்கிரம் முடியுமே அண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "அவங்க தண்ணிய உங்க சம்ப்ல ஊத்தினா ஒத்துப்பியா சார்?"

இரண்டாவது சட்டம், ஒரு லோடுக்கு ஒரு நிறம். இன்று பச்சை என்றால் நாளை மஞ்சள், மறுநாள் ஊதா. "ரெண்டு லோடு ஒரே கலரா இருந்தா நேத்து எங்க நிறுத்துனேன்னு எப்டி சார் தெரியும்?" பாரிமுனையில் மூட்டைக் கணக்கில் வாங்கிய மிச்ச உருண்டைகள் என்பதால் நிறத்துக்குப் பஞ்சமில்லை. அவர் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டால் ஆள் தெருக்கோடியில் வரும்போதே தெரியும். நாய்கள் எழுந்து நிற்கும்.

ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய நூலை அவர் வீணாக்கவில்லை. எங்கள் சம்ப் மூடியின் கைப்பிடிக்கு ஒரு உறை வந்தது. கேட்டின் தாழ்ப்பாளுக்கு ஒன்று. மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குக் கொசுவம் வைத்த திரை. மணியின் நாற்காலிக்கு முதுகுறை, அதற்குப் பொருத்தமாக மணிக்கே ஒரு குரங்குத் தொப்பி. சங்க அறையின் சுவரில் மாட்டச் சொல்லி ஒரு அலங்காரமும் கொடுத்தார். மயில் என்றார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது தண்ணீர் லாரியாகத்தான் தெரிந்தது. நான் அப்போது சங்கத்தின் தண்ணீர்ப் பொறுப்பாளர். எல்லாவற்றையும் நன்றியுடன் பெற்றுப் பதிவு செய்தேன்.

தலைவருக்கு மட்டும் இவை எதுவும் பிடிக்கவில்லை. வங்கியில் தணிக்கை அதிகாரியாக ஓய்வு பெற்றவர். ஒருவர் வேலை செய்யும்போது சந்தோஷமாகவும் இருந்தால் ஏதோ தவறு நடக்கிறது என்பது அவர் அனுபவம். அதன் விளைவுதான் ஏப்ரல் 11 குறிப்பு. அண்ணன் அதற்குப் பழிவாங்கிய விதம் இது: ஏப்ரல் கடைசியில் எங்கள் குடியிருப்பின் ஸ்வெட்டரை முடித்தார். அதைத் தலைவருக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார். "ரொம்ப சூடாவாரு, பாவம். அதுக்குத் தோதா இருக்கும்" என்று மணியிடம் சொன்னாராம். தலைவர் அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டார்.

விபரீதம் மே மாதம் வெடித்தது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்தே சாயங்காலம் நாலு மணிக்கு சம்ப் வறண்டுபோனது. மார்ச்சில் இரவு வரை தாங்கிய அதே ஒரு லோடு. வீடுகள் கூடவில்லை, விருந்தாளிகளும் வரவில்லை. தலைவர் கூட்டம் போட்டார்.

"கணக்கு ரொம்ப சிம்பிள். லோடு குறையுது. வழியில பாதியை எங்கேயோ இறக்கிட்டு வரான். லாரி ஓனர்கிட்ட பேசிட்டேன். சங்கம் லெட்டர் குடுத்தா இவனை வண்டியிலேருந்து இறக்கிடறேன்னு சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு முடிவு பண்றோம்."

சனிக்கிழமை அண்ணன் வந்தபோது பின்னவில்லை. ஊசி இரண்டும் மடியில் கிடந்தன. அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"போற எடத்துக்கு இன்னா சார், எங்கனா போலாம். ஆனா லோடு திருடன்னு பேர் வந்துச்சுன்னா இந்த ரோட்ல எவனும் வண்டி சாவிய கையில குடுக்க மாட்டான். எனக்கு வேற தொழிலும் தெரியாது."

"ஸ்வெட்டர் தெரியுமே அண்ணா" என்றேன், தேற்றுவதாக நினைத்து.

"மெட்ராஸ்லயா சார்?"

எனக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. தினமும் லாரியின் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, தண்ணீர் விளிம்பு வரை இருக்கிறதா என்று பார்த்து "முழு லோடு" என்று கையெழுத்துப் போடுவது பொறுப்பாளரின் கடமை. எனக்கு முழங்கால் வலி. கீழே நின்று "ஃபுல்லா அண்ணா?" என்பேன். "ஃபுல்லு சார்" என்பார். கையெழுத்துப் போடுவேன். ஐந்து வருடமாக என் பதிவேட்டின் நம்பகத்தன்மை இவ்வளவுதான்.

ஞாயிறு பதினொரு மணிக்கு சங்க அறையில் இருபது பேர். சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. அண்ணன் கதவோரம் நின்றார். மூன்றாம் மாடி ஸ்டெல்லா டீச்சர், பள்ளியில் கணக்கு எடுப்பவர், என்னைக் கேட்டார்: "நீங்க டெய்லி ஏறிப் பார்த்தீங்களா சார்?"

"முழங்கால்..." என்றேன்.

அறை முழுக்க ஒரு பெருமூச்சு. தலைவர் பேனாவைத் திறந்தார். அப்போது அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சார், நான் குடுத்த ஸ்வெட்டர் இன்னும் உங்ககிட்ட கீதா?"

"இப்ப எதுக்கு அது?"

"அதுல எல்லாம் கீது சார். ஒரு லோடு, ஒரு கலரு. தண்ணி எறங்கற வரைக்கும் பின்னுவேன், நின்னா நிறுத்திடுவேன். ஆறு வரிசை வரும். லோடு பாதியா இருந்தா மூணு வரிசதான சார் வந்திருக்கும்? கை ரெண்டும் பிப்ரவரி. முன்பக்கம் மார்ச்சு. முதுகு ஏப்ரல். எண்ணிப் பாருங்க."

நான் இதுவரை எத்தனையோ ஆவணங்களைப் புரட்டியிருக்கிறேன். இவ்வளவு நேர்த்தியான ஆவணத்தைப் பற்றிக் கேட்டதில்லை. மணி ஓடிப்போய்த் தலைவர் வீட்டுப் பரணிலிருந்து அதைக் கொண்டுவந்தான். மேஜை மேல் விரித்தோம். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"படுக்க வெச்சா வரிசை ஒட்டிக்கும் சார். தொங்க வுட்டா இழுத்துக்கும். ஆள் போட்டுக்கினாதான் பிரிஞ்சு தெரியும்."

யார் போட்டுக்கொள்வது? அது தலைவர் அளவுக்குப் பின்னியது. எங்கள் குடியிருப்பில் அந்த அளவுக்கு வேறு யாரும் வளரவில்லை.

மே மாதம், பதினொன்றரை மணி, விசிறி இல்லாத அறை. தலைவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கைகளை விரித்து நின்றார். ஐம்பது நிறங்களில் மின்னினார். ஸ்டெல்லா டீச்சர் பென்சில் முனையால் முன்பக்கம் எண்ணினார். இருபத்தாறு பட்டை, ஒவ்வொன்றிலும் ஆறு வரிசை. என் பதிவேட்டில் மார்ச் மாதம் இருபத்தாறு லோடு. சரி.

"திரும்புங்க சார்" என்றார் டீச்சர்.

தலைவர் திரும்பினார். அவர் எங்களைப் பார்க்க முடியாது. தீர்ப்பு அவர் முதுகில்.

"ஒண்ணு... ஆறு. ரெண்டு... ஆறு. மூணு... ஆறு." தலைவரின் நெற்றியிலிருந்து சொட்டும் வியர்வைகூடக் கேட்டது. "ஒன்பது... ஆறு. பத்து..."

டீச்சர் நின்றார்.

"பத்தாவது பட்டையில ரெண்டு வரிசைதான் இருக்கு."

"ஆஹா!" என்றது முதுகு. "சொன்னேனா இல்லையா?"

அண்ணன் கிட்டே வந்து பட்டையைத் தானும் எண்ணினார். நான் பதிவேட்டைப் புரட்டினேன். ஏப்ரல் மாதத்துப் பத்தாவது லோடு. தேதி பதினொன்று. பிறகு புகார்ப் பதிவேடு, நாற்பத்தோராம் பக்கம். உரக்கப் படித்தேன். "நேரில் கண்டித்தேன். அரை மணி நேரம்."

"ஆமா சார்!" என்று அண்ணன் கத்தினார். "அன்னிக்கு நீங்கதான வந்து திட்டிகினே இருந்தீங்க! திட்டு வாங்கசொல்ல எப்டி சார் பின்ன முடியும்? மரியாதைக்கு ஊசிய கீழ வெச்சிட்டேன்!"

அறை சிரிப்பில் அதிர்ந்தது. டீச்சர் மட்டும் சிரிக்காமல் மீதியையும் எண்ணி முடித்தார். எல்லாம் ஆறு.

"வேணும்னே வேகத்தைக் கூட்டி ஆறு கொண்டுவந்திருக்கலாம் இல்லையா?" என்றார் தலைவர், சுவரைப் பார்த்தபடியே.

"பரணுக்குப் போகப் போற ஸ்வெட்டருக்காக ஒரு மாசம் அப்படிக் கணக்குப் போட்டு ஏமாத்தற மூளை இருந்தா, இவர் ஏன் சார் லாரி ஓட்டறார்?" என்றார் டீச்சர். அண்ணனுக்கு இது பாராட்டா இல்லையா என்று புரியவில்லை. பொதுவாகச் சிரித்து வைத்தார். "லோடு முழுசா வந்திருக்கு. அப்போ தண்ணி எங்க போச்சு?"

அப்போதுதான் என் நாட்குறிப்பு நினைவுக்கு வந்தது. ஏப்ரல் 6 அன்று நான் எழுதியது: "பக்கத்துக் காலி மனையில் புல் பச்சைப்பசேலென்று இருக்கிறது. மூன்று எருமைகள் மேய்கின்றன. மனதுக்கு இதமான காட்சி." மேடவாக்கத்தில், கோடையில், மழையில்லாமல் பச்சைப் புல். தேதி போட்டு எழுதினேனே தவிர ஒரு நொடி யோசிக்கவில்லை.

எல்லோரும் மதிலைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். முதலில் போனவர் தலைவர், ஸ்வெட்டரைக் கழற்ற நேரமில்லை. எங்கள் சம்ப்பின் சுவரை ஒட்டிய இடத்தில் காலை வைத்தார். கணுக்கால் வரை இறங்கியது. செருப்பு திரும்பி வரவில்லை. சேற்றை விலக்கிப் பார்த்தால், சம்ப்பின் பக்கச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். ஒரு மாதமாக எருமைகளுக்கு அரை லோடு தண்ணீர் கொடுத்து வந்திருக்கிறோம்.

சேற்றில் நின்றபடி தலைவர் அண்ணனைப் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வராது. "சரி, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவே?" என்றார்.

"ஏழரைக்கு சார்."

"வா."

அண்ணன் மதில்மேல் சாய்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பேஜாராப் பூட்ச்சு சார்" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். எனக்கும் முழங்கால் வலி சட்டென்று பாதியாகக் குறைந்தது.

அன்று மாலை புகார்ப் பதிவேட்டில் ஏப்ரல் 11 குறிப்பின் கீழே ஒரு வரி சேர்ந்தது: "மேற்படி குறிப்பு திரும்பப் பெறப்படுகிறது." அந்த இரண்டு வரிசைப் பட்டையைப் பிரித்துச் சரியாகப் பின்னித் தருவதாக அண்ணன் சொன்னபோது தலைவர், "இருக்கட்டும்" என்றார். ஸ்வெட்டர் பரணுக்குத் திரும்பவில்லை என்று மணி சொல்கிறான்.

மறுநாள் முதல் ஏணியில் ஏறிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டில் ஒரு புதிய பத்தியும் சேர்த்தேன்: தேதி, லோடு, நேரம், நிறம். அண்ணன் அடுத்த ஸ்வெட்டரைத் தொடங்கினார். யாருக்கு என்று கேட்டதற்கு என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒல்லியான ஆளுக்கு" என்றார்.

ஜூலையில் அவருடைய வண்டியை நாவலூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கடைசி நாள் என்னிடம் ஒரு கவரைக் கொடுத்தார். "கை பின்ன நாள் பத்தல சார். கையில்லாம போட்டுக்கோங்க."

வழக்கம்போலச் சரிபார்க்க உட்கார்ந்தேன். பதிவேட்டில் நாற்பத்தெட்டு லோடு. ஸ்வெட்டரில் நாற்பத்தொன்பது பட்டை. நான்கு முறை எண்ணினேன், ஒருமுறை மனைவிக்குப் போட்டுவிட்டும் எண்ணினேன். அதிகப்படியாக இருந்தது ஒரு வெள்ளைப் பட்டை, முழுசாக ஆறு வரிசை. அதற்குக் கீழே இருப்பது ஜூன் 13 அன்று வந்த பச்சை, மேலே இருப்பது ஜூன் 17 அன்று வந்த சிவப்பு. நடுவே ஒரு ஞாயிறு. அதற்கு முந்தைய இரண்டு நாட்களும் வேலைநிறுத்தம், இந்தப் பகுதியில் தண்ணீர் லாரிகள் எதுவும் ஓடவில்லை. அந்த வாரத்து என் நாட்குறிப்பில் ஒரு வரி: "ஜூன் 16, காலை 5.30. வறண்டு கிடந்த குழாயில் தண்ணீர் வருகிறது. காரணம் தெரியவில்லை." மணியைக் கேட்டால் தூங்கிவிட்டதாகச் சொல்கிறான். மணி அதற்கு முன்போ பின்போ தூங்கியதாகத் தகவல் இல்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். பின்னணியில் தண்ணீர் இறங்கும் சத்தம். "வெள்ளைப் பட்டை எந்தத் தேதி அண்ணா?" என்றேன்.

"எண்ணாதீங்க சார். குளிரடிச்சா போட்டுக்கோங்க" என்று வைத்துவிட்டார்.

எனவே நாற்பத்தொன்பதாவது லோடு இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. மேடவாக்கத்தில் குளிரும் இன்னும் அடிக்கவில்லை. விசிறியை ஐந்தில் வைத்து, அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.