பச்சைக் கட்டத்தை முந்தியவர்

காஞ்சிபுரத்தில் பாதி ஊரை வயிற்றுக்குள் வரை அறிந்தவர் ஒருவர்தான். அவரைக் ‘குழாய்’ என்போம். நான் சீட்டு எழுதும் தனியார் ஆஸ்பத்திரியில் அவர் எண்டோஸ்கோப்பி டெக்னீஷியன். டாக்டர் வாய் வழியாகக் கேமராக் குழாயை இறக்கும்போது நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்வதும், பிறகு குழாயைக் கழுவுவதும் அவர் வேலை. கழுவுவதென்றால் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல. நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

அவருக்கு முகம் மனதில் நிற்காது, வயிறுதான் நிற்கும். செவிலிமேட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பாவை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அவர் இரண்டாம் முறை வத்தக்குழம்பு கேட்டதும் இவருக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்துவிட்டது.

“சார், நீங்களா? அந்தப் புண்ணு ஆறிடுச்சா? கொழம்பு வேணாம் சார், மோர் ஊத்திக்கோங்க.”

பந்தியே திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு ராஜ வீதியில் அவர் எதிரே வந்தால் நாலு பேராவது சந்துக்குள் நழுவினார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் புது மிஷின் வந்தது. உள்ளே சந்தேகமான இடம் தெரிந்தால் கம்ப்யூட்டரே திரையில் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டும். குழாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. கட்டம் விழுமுன் விரலை நீட்டி, “சார், அங்க ஒண்ணு இருக்குது” என்பார். மிஷின் முந்திவிட்டால் அன்றைக்கு யாரிடமும் பேச மாட்டார். ஒருநாள் அது குடலில் ஒட்டியிருந்த தக்காளித் தோலுக்குக் கட்டம் போட்டது. எங்கள் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார்.

ஊர் வயிற்றையெல்லாம் பார்த்தவர் தன் வயிற்றை மட்டும் காட்டவில்லை. மாதக்கணக்கில் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடினார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார்.

“ஒரு தடவ பாத்துடுங்கண்ணா,” என்றேன்.

“பாத்தா தெரிஞ்சிடும்மா.”

ரத்த வாந்தி எடுத்த அன்று டாக்டரே கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் படுக்க வைத்தார். மயக்க ஊசி வேண்டாம், திரையைப் பார்க்கணும் என்று அடம்பிடித்தார் குழாய். தலையைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். கேமரா இறங்க இறங்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பார்வை மட்டும் நகரவில்லை. ஒரு திருப்பத்தில் அவர் கை மெல்ல எழுந்து திரையைக் காட்டியது. அதற்குப் பிறகுதான் கட்டம் விழுந்தது.

ரிப்போர்ட் டைப் செய்தபோதுதான் அவருடைய நிஜப் பெயரை முதன்முதலாக எழுதினேன்.

இப்போதெல்லாம் ஆரம்பத்திலேயே தெரிந்தால் வயிற்றைக் கிழிக்காமல் அதே குழாய் வழியாகவே கட்டியைச் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். அதைச் சொல்லி எத்தனையோ பேருக்கு அவரே தைரியம் கொடுத்திருக்கிறார். அவரைச் சென்னையில் பார்த்துவிட்டு, புற்று இரைப்பைச் சுவரைத் தாண்டிப் பரவிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஓரிக்கையில் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

“ஆறு மாசம் முன்னாடி காட்டியிருந்தா எடுத்திருப்பாங்கம்மா. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிக்கினுதான் பயந்தேன்,” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “ஆனா மிஷினுக்கு முன்னாடி நான்தான காட்டுனேன்?”

“நீங்கதாண்ணா.”

ஆடியில் போய்விட்டார். பழைய நோயாளிகள் இன்னமும் என் ஜன்னலில் குனிந்து, “குழாய் இன்னிக்கு வரலையாம்மா?” என்று கேட்கிறார்கள். லீவில் இருக்கிறார் என்றுதான் சொல்லிவருகிறேன்.